இஞ்சிப் பியர் நீர்த்துப் போனால் போத்தலில் அடைக்கமுன் எதைச் சேர்ப்பது?

மாமிக்குச் சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் இந்தக் கரைச்சல் தொடங்கியது. அதுவரை எங்கள் வீட்டு இஞ்சிப் பியருக்கு 10 லீற்றருக்கு 1 கிலோ சீனி என்று ஒரே கணக்கு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிற சனம், கோயிலால் திரும்பி முள்ளியவளையில் எங்கள் முற்றத்து மாமரத்துக்குக் கீழே குந்தும்போது நீட்டுவது அதைத்தான். போன முறை சீனியை அரைக் கிலோவாகக் குறைத்தேன். இஞ்சி அதே 300 கிராம், தேசிக்காய் அதே எட்டு, ஈஸ்ட் அதே கால் தேக்கரண்டி. ஒன்றரை நாள் கழித்து மாமி ஒரு மிடறு குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“பிள்ளை, உறைப்பு இருக்கு, புளி இருக்கு, நுரையும் வருது. ஆனா வாயில ஒண்டும் நிக்கேல்லை. சொதிக்குப் பால் விட மறந்த மாதிரிக் கிடக்கு.”

இதைவிடத் திருத்தமாக இந்தக் குறையை நான் எங்கும் கேட்டதில்லை. மஞ்சளும் உப்பும் வெந்தயமும் சரியாக இருந்தும், தேங்காய்ப்பால் இல்லாத சொதி நாக்கைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். அதுபோலத்தான் இதுவும். இனிப்புக் குறைவு வேறு, கனம் குறைவு வேறு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் நான் முதல் பிழையை விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

லண்டனில் இருக்கும் அத்தான் வீட்டிலேயே பார்லியில் பியர் காய்ச்சுகிறவர். அங்கே சொந்தப் பாவனைக்கு வீட்டில் காய்ச்சுவதற்கு 1963இலிருந்து லைசென்ஸ் தேவையில்லை. இங்கே மதுவரிச் சட்டம் அப்படி விடாது. அதனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. இஞ்சியும் சீனியும் ஒன்றரை நாள் பொங்கியதும் குளிரூட்டிக்குள் போய்விடும். ஆனால் பியர்க்காரருக்கும் இதே தலையிடி உண்டு என்று தெரிந்ததால் அவருக்கு அழைத்தேன்.

“மச்சாள், ஈஸ்ட் திண்டு மிச்சம் விட்டதுதான் பியரின்ர உடம்பு” என்றார்.

அவர் சொன்னதன் விளக்கம் இது. முளைக்கவைத்த பார்லியைச் சுடுதண்ணியில் ஊறவிடும்போது 62, 63 பாகையில் வைத்தால் மாப்பொருள் பெரும்பாலும் ஈஸ்ட் தின்னக்கூடிய சீனியாக உடையும். பியர் மெல்லிசாக வரும். 68, 70 பாகைக்கு ஏற்றினால் ஈஸ்டுக்குப் பல்லுப்படாத நீளச் சங்கிலிகள், டெக்ஸ்ரின் என்பவை, கூட மிஞ்சும். பியர் கனக்கும். இங்கே கடைகளில் கிடைக்கும் லயன் ஸ்ரவுட் என்ற கறுப்புப் பியரைக் குடித்தவர்களுக்கு அந்தக் கனம் என்னவென்று தெரியும். எங்கள் இஞ்சிப் பியரிலோ இருப்பது வெறும் சீனி. ஈஸ்ட் அதை இரண்டாக உடைத்து, வேளைக்கோ பிந்தியோ முழுவதையும் தின்றுவிடும். மிச்சம் விட ஒன்றுமில்லை. முன்பு 1 கிலோ போட்டபோது தின்னாமல் கிடந்த சீனிதான் கனம்போல நடித்திருக்கிறது. பாதியாக்கியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

வாளியில் 10 லீற்றர் பொங்கி நிற்கிறது. நாளைக்கு அடைக்கவேண்டும். இப்போது எதைச் சேர்க்கலாம்?

முதலில் கைபோவது சீனிக்குத்தான். நானும் அதைத்தான் செய்தேன். மாமிக்குத் தெரியாமல் இரண்டு கை சீனி போட்டுக் கலக்கி, பாதியைப் பிளாஸ்ரிக் போத்தலிலும் மீதியைப் பழைய கண்ணாடிப் போத்தல்களிலும் அடைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. குளிரூட்டி சூடாக, குசினிக்குள் பெரிய வெடிச்சத்தம். நல்லகாலம், கதவு பூட்டியிருந்தது. ஒரு போத்தல் சிதறி, பக்கத்தில் இருந்த தயிர்ச்சட்டியையும் கொண்டுபோயிருந்தது. கணக்குப் போட்டால் அதிசயமே இல்லை. ஒரு லீற்றரில் 4 கிராம் சீனி புளித்தாலே, அந்தத் தண்ணியின் கனவளவுக்குச் சமமான காபனீரொட்சைட்டு வந்துவிடும். கடைச் சோடாவில் அதைப்போல மூன்றரை, நாலு மடங்குதான் இருக்கும். அதாவது லீற்றருக்கு 15 கிராமே போதும். என் போத்தலில் 40 கிராமுக்கு மேலே கிடந்திருக்கிறது. வைகாசி வெக்கையில் ஈஸ்டுக்கு அது திருவிழா. அன்றிலிருந்து இஞ்சிப் பியருக்குக் கண்ணாடிப் போத்தல் எடுப்பதில்லை.

தேன் விடலாமே என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. வன்னிக்காட்டுத் தேன் வீட்டில் இருக்கும்போது அது நியாயமான கேள்விதான். தேன் கரண்டியில் கெட்டியாக வழிவதால் குடிபானத்தையும் கெட்டியாக்கும் என்று தோன்றும். உண்மை தலைகீழ். தேனில் இருப்பது அநேகமாக முழுவதும் குளுக்கோசும் புறக்டோசும். ஈஸ்ட் அதைத் துடைத்துவிட்டுப் போகும். மணம் மட்டும் மிஞ்சும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த தேனை இதற்குள் ஊற்றுவது பாவம். பனங்கட்டியும் ஏறத்தாழ இதே சாதி. ஆனால் அதன் நிறமும் கரிந்த மணமும் ஒரு வாசியைத் தருகின்றன. கனம் கூடாவிட்டாலும், கூடின மாதிரி நாக்கு ஏமாறும். சீனியில் கால் பங்குக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டால் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் போனால் இஞ்சி ஒளித்துவிடும்.

பியர்க்காரரின் வழமையான மருந்துகள் இரண்டு. ஒன்று பாற்சீனி, அதாவது லக்ரோஸ். சாதாரண ஈஸ்டுக்கு அதைத் தின்னத் தெரியாது. இனிப்பும் சீனியின் ஐந்தில் ஒரு பங்குதான். இங்கிலாந்தில் 1907இல் மக்கெசன் என்ற பியர் இதைச் சேர்த்து ‘பால் ஸ்ரவுட்’ என்று பேர் எடுத்தது. அத்தான் 20 லீற்றருக்கு அரைக் கிலோவரை போடுவாராம். எனக்கு இது சரிவரவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் நான் கேட்ட கடைகளில் இல்லை என்பது ஒன்று. பெரிய காரணம் வயிறு. எங்கள் சனத்தில் வளர்ந்த பிறகு பாற்சீனி சமிக்காதவர்கள் நிறையப் பேர். கோயிலுக்கு வந்த சனத்துக்கு வயிற்றுப் பொருமலைக் கொடுத்து அனுப்ப நான் தயாரில்லை.

இரண்டாவது மோல்ரோடெக்ஸ்ரின். பியரில் இயற்கையாக மிஞ்சுகிற அந்த டெக்ஸ்ரினையே வெள்ளைத் தூளாக வாங்குவது. லீற்றருக்கு 10, 12 கிராம் போதும். இனிப்பு இல்லை, மணம் இல்லை, கலங்கலும் இல்லை. கைக்குச் சுலபம் என்று பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. நான் இணையத்தில் ஒன்றைத் தருவித்தேன். வந்தது உடற்பயிற்சி செய்யும் பெடியளுக்கு விற்கும் மா. திறந்தால் வனிலா வாசம் மூக்கைத் துளைத்தது. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. பெறாமகன் அதைப் பாலில் கரைத்துக் குடித்து முடித்தான்.

பிறகு யோசித்தபோது, வனிலா வந்ததும் நல்லதுக்குத்தான் என்று பட்டது. மோல்ரோடெக்ஸ்ரின் இனிக்காதே தவிர, குடலுக்குள் போனதும் உடைந்து குளுக்கோசாகிவிடும். இரத்தத்தில் சீனியை ஏற்றும் வேகத்தில் அது வெள்ளைச் சீனியை மிஞ்சும். மாமிக்காகச் சீனியைக் குறைத்துவிட்டு அதே பாரத்தை வேறு வாசலால் உள்ளே விடுகிற கதை. ஆனால் பயத்தையும் அளந்துதான் பயப்படவேண்டும். லீற்றருக்கு 12 கிராம் என்றால் 200 மில்லிலீற்றர்த் தம்ளரில் 2.4 கிராம், அரைத் தேக்கரண்டிச் சீனியளவு. பழைய கணக்கில் அதே தம்ளருக்கு 20 கிராம் சீனி போனது, இப்போது 10. அந்தப் 10உடன் ஒப்பிட்டால் இந்த 2.4 பெரிய குற்றமில்லை. வீட்டில் சீனி வருத்தக்காரர் இல்லாதவர்கள் நல்ல மோல்ரோடெக்ஸ்ரின் கிடைத்தால் யோசிக்காமல் போடலாம்.

அது கிடைக்காவிட்டால் கேக் சாமான் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் இருக்கும். புதுக்குடியிருப்பிலும் வாங்கலாம், வவுனியாவுக்குப் போனால் பெரிய டப்பாவே கிடைக்கும். பேர்தான் குளுக்கோஸ். பேக்கரிக்கு வழக்கமாக வரும் வகையில் ஏறத்தாழப் பாதி ஈஸ்டால் தொடமுடியாத நீளச் சங்கிலிகள். மற்றப் பாதி ஈஸ்டுக்குத் தீனி, அதாவது மேலும் காஸ். ஆகவே லீற்றருக்கு 20 கிராம் போட்டால் 10 கிராம்தான் கனத்துக்கு உதவும். அந்த அளவுக்குச் சீனியைக் குறைத்துவிட்டுப் போடவேண்டும். பாணிபோல ஒட்டும் சாமான் என்பதால், கரண்டியை முதலில் சுடுதண்ணியில் தோய்த்துக்கொண்டால் கை தப்பும்.

அதே கடையில் இன்னொன்று இருக்கும். சீ.எம்.சீ. என்ற வெள்ளைத் தூள். கேக்குக்குப் பூ செய்கிறவர்கள் ஐசிங்கை இறுக்க வாங்குவது. லேபலில் ஈ 466 என்று போட்டிருக்கும். மரநாரிலிருந்து செய்யப்படும் பிசின். ஈஸ்ட் தின்னாது, எங்கள் குடலும் தின்னாது. சீனி வருத்தக்காரருக்குத் தொல்லையே இல்லை. லீற்றருக்கு அரைக் கிராம் போதும். அதாவது 10 லீற்றருக்கு வெறும் 5 கிராம். இந்தச் சின்ன அளவில்தான் ஆபத்தும் இருக்கிறது. பல குசினித் தராசுகள் 5 கிராமை ஒழுங்காகக் காட்டாது. கொஞ்சம் கூடினால் குடிபானம் வெண்டிக்காய்க் கறிபோல நூல் இழுக்கும். தூளை நேரே தண்ணியில் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே காய்ந்த மாவுமாகக் கட்டிகட்டியாக நிற்கும். பத்து மடங்கு சீனியோடு வறளக் கலந்து, சுடுதண்ணியில் தூவித் தூவிக் கலக்கி, சில மணித்தியாலம் ஊறவிட்டுத்தான் சேர்க்கவேண்டும். சாந்தன் பிசினும், ஈ 415, ஏறத்தாழ இதே மாதிரித்தான். அதற்கு இன்னும் குறைவாகவே போதும்.

கிளிசரீன் போடலாம் என்றும் சொல்வார்கள். இனிப்பும் வழவழப்பும் தரும், தொண்டையில் மருந்துத்தண்ணி ஞாபகமும் வரும். மருந்துக்கடையில் தோலுக்குப் பூச விற்பதை வாயில் வைக்கவேண்டாம். ஒடியல் மாவைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அது கூழுக்கு. மோல்ற் பானத் தூள் போடலாமோ என்பவர்கள் பேணியின் பின்பக்கத்தை வாசிக்கவும். பால்மா கலந்திருந்தால் கொழுப்பு நுரையைக் கொல்லும், தேசிப்புளி பட்டுத் திரையவும் செய்யும்.

இனிப் பார்லி. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கால் வீங்கினால் கொடுக்கும் அதே பார்லித்தண்ணி. அத்தானின் பியரும் பார்லிதான், ஆனால் அது முளைத்தது, இது முளைக்காதது. இதைச் சீனியாக உடைக்கும் நொதியம் உள்ளே வேலை செய்யாததால் மாப்பொருள் மாப்பொருளாகவே நிற்கும். பாணுக்குப் போடும் ஈஸ்டால் மாப்பொருளை உடைத்துத் தின்னமுடியாது. அதோடு பார்லியில் பீற்றா குளூக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. கஞ்சி ஆறும்போது வருகிற அந்த வழவழப்பு அதனுடையது. ஓட்சிலும் இதே நார்தான். ஓட்ஸ் போட்ட ஸ்ரவுட் வழுக்கிக்கொண்டு இறங்குவது இதனால்தான். உணவில் போதிய அளவு இருந்தால் இந்த நார் சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தையும் குறைக்கும். ஒரு தம்ளரில் அவ்வளவு இராது, அதனால் மருந்தென்று சொல்லவரவில்லை. மாமியின் பக்கம் நிற்கிற சாமான் என்று மட்டும் சொல்லலாம்.

குறையும் உண்டு. கலங்கலாக இருக்கும், அடியில் மண்டி தங்கும், கூடக் குளிர்ந்தால் மாப்பொருள் திரும்ப இறுகிச் சின்னச் சின்னத் துகளாகத் தெரியும். எல்லாவற்றையும்விட, கஞ்சி கெட்டுப்போகும். எங்கள் வெக்கைக்கு வெளியே ஒரு நாள் வைத்தால் புளிப்பு மாறிப் பழங்கஞ்சி வாசம் வரும். நாலு நாளுக்குள் குடித்துமுடிக்க ஆள் இருந்தால்தான் பார்லி. ஒரு மாதம் வைத்துக் குடிக்கிறவருக்கு இது வழியில்லை.

ஆர் சொல்வதையும் நம்பாமல் ஒரு பின்னேரம் தம்ளர் வைத்துப் பார்த்தேன். குசினிக் கட்டின்மேல் ஐந்து தம்ளர், அடியில் பிளாஸ்ரர் ஒட்டி எண் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அதே வாளியில் எடுத்த 200 மில்லிலீற்றர். ஒன்றில் ஒன்றும் சேர்க்கவில்லை. ஒன்றில் இரண்டு கிராம் சீனி. ஒன்றில் நாலு கிராம் லிக்விட் குளுக்கோஸ். சீ.எம்.சீ.யில் 0.1 கிராமை நிறுக்கமுடியாது. ஆகவே 2 கிராமை 200 மில்லிலீற்றர் சுடுதண்ணியில் கரைத்து, அதில் 10 மில்லிலீற்றரை ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்துவிட்டேன். ஐந்தாவதில் 50 மில்லிலீற்றர் கெட்டிப் பார்லித்தண்ணி. எல்லாவற்றையும் ஒரே நேரம் குளிரவிட்டேன். சூட்டில் எல்லாமே கொஞ்சம் சளசளவென்றுதான் இருக்கும்.

பெறாமகன் கண்ணை மூடிக்கொண்டு சீனித் தம்ளரைப் பிடித்தான். 17 வயசு, அதில் ஆச்சரியமில்லை. பக்கத்து வீட்டு அக்கா சீ.எம்.சீ.யைத் தெரிந்து, “இது கடைச் சோடா மாதிரி” என்றா. அது பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மாமி எல்லாவற்றிலும் ஒரு மிடறு குடித்து, நடுவில் வெறுந்தண்ணி குடித்து, திரும்பவும் வந்து பார்லியில் நின்றா. “இதுக்குப் பால் விட்டிருக்கு” என்றா. லிக்விட் குளுக்கோசை ஒருவரும் தெரிந்தெடுக்கவில்லை, ஒருவரும் குறையும் சொல்லவில்லை. ஒன்றும் சேர்க்காத தம்ளரைக் கடைசியாகக் குடிக்க வைத்தது அதற்குத்தான் வதையாகிவிட்டது.

அந்தப் பின்னேரம் தற்செயலாகத் தெரிந்த ஒன்று, சேர்ப்பதைவிடக் குறைப்பது. மெல்லிசான பானத்தில் புளியும் காஸும் இன்னும் கூராகத் தெரியும், அந்தக் கூர் பானத்தை மேலும் மெல்லிசாகக் காட்டும். அடுத்த வாளியில் தேசிக்காயை எட்டிலிருந்து ஆறாக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். அரைவாசிக் குறை அதோடேயே போனது. செலவில்லாத வைத்தியம். எதை வாங்கப் போகமுன்னும் இதைச் செய்து பார்க்கலாம்.

வாளி ஏற்கெனவே பொங்கி, அடைக்க நேரமாகி, கடைக்கும் ஓடமுடியாதென்றால் நான் தேசிக்காய்ப்புளியை அதற்கு மேல் விடாமல் உப்புப் போட்டுப் பார்லிக்கே போவேன். பார்லி இல்லாத வீட்டுக்கு ஓட்ஸ். போத்தல் இரண்டு கிழமைக்கு மேல் நிற்கவேண்டும், தெளிவாகவும் இருக்கவேண்டும் என்றால் சீ.எம்.சீ., அதுவும் கரைத்து அளந்து. மோல்ரோடெக்ஸ்ரின் கைக்கு வந்தால், வீட்டில் மாமிமார் இல்லாவிட்டால், அதுவே சுகம். லிக்விட் குளுக்கோசுக்கு மேலே சொன்னவை ஒன்றும் இல்லாத நாளில்தான் இடம்.

பார்லியில் நான் செய்வது இப்படி. 400 கிராம் பார்லியை இரண்டு மூன்று தண்ணியில் கழுவி, 4 லீற்றரில் போட்டு, மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம் அவியவிடுவேன். பழைய வேட்டித்துண்டில் வடிப்பேன். பிழியக்கூடாது. பிழிந்தால் மா வந்து, அடுத்த நாள் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு சேறாக நிற்கும். இரண்டரை லீற்றரளவு வரும். மூடிக்கொண்டு நன்றாக ஆறவிடவேண்டும். சூட்டோடு ஊற்றினால் ஈஸ்ட் செத்துக் காஸ் பிடிக்காது. தண்ணி கூடிவிடும் என்பதால், இதைச் செய்யும் எண்ணம் முன்பே இருந்தால் வாளியை ஏழரை லீற்றரில் தொடங்கிவிடுவேன், சீனியும் இஞ்சியும் 10 லீற்றருக்கான அளவு. ஆறிய பார்லித்தண்ணியை விட்டு, துப்புரவான அகப்பையால் மெதுவாக ஒரு சுற்று. அடித்துக் கலக்கத் தேவையில்லை.

பிறகு பிளாஸ்ரிக் போத்தல், மேலே மூன்று விரல் இடம். வைகாசியில் வெளியே ஐந்தாறு மணித்தியாலம் போதும், மார்கழி மழைக்கு ஒரு நாள் செல்லும். பெருவிரலால் அமத்திப் பார்த்து, கடைச் சோடாப் போத்தலைப்போல இறுகியதும் குளிரூட்டிக்குள். லீற்றருக்கு 17 கிராம் சீனி முற்றாகப் புளித்தால் 1 வீதமளவு மதுசாரம் வரும் என்பது கணக்கு. வேளைக்கே நிறுத்தினாலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆகவே சின்னப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் நான் தேசிக்காய்த்தண்ணிதான் கரைப்பது. கரண்ட் போனால் உடனே மூடிகளை ஒருக்கால் திருகிக் காஸை விட்டுவிட்டுத் திரும்ப இறுக்குகிறேன். அந்த வேலை இப்போது பெறாமகனுடையது. தயிர்ச்சட்டியை வேறு தட்டுக்கு மாற்றியது மாமி.